வகுப்பறைக்குள் அதிபர்

நாட்டின் தலைவர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, “நன்றாகப் படியுங்கள்” என்கிறார். இதில் சண்டைக்கு என்ன இடம்? ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் சட்டையில் ரோசாப்பூக் குத்திக்கொண்டு நேரு மாமாவின் பிறந்த நாளைக் கொண்டாடி வளர்ந்த நமக்கு இக்கேள்வியே வேடிக்கையாகத் தோன்றும். எங்கள் துறைக் கருத்தரங்கில் அமெரிக்க அரசியல் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது, 2009-ஆம் ஆண்டில் அதிபர் பராக் ஒபாமா மாணவர்களுக்கு ஆற்றிய உரையையும் அதையொட்டி எழுந்த பூசலையும் எடுத்துக்கொண்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. “படிக்கச் சொன்னதற்கா அடித்துக்கொண்டார்கள்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னால், அச்செய்தியை முதன்முதலில் படித்தபோது நானும் சிரித்தவன்தான். பிறகு சிரிப்பு நின்றது. நின்றதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கருத்தரங்கில் நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகள் எவ்வாறு நடக்கின்றன என்பதை முதலில் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ ஒரு சுற்றறிக்கை புறப்பட்டால், அது கடைசிக் கிராமத்துத் தலைமையாசிரியரின் மேசை வரை இறங்கி வந்துவிடும். அங்கே அப்படி இல்லை. ஏறக்குறைய 14,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரியம். பெரும்பாலான வாரியங்களின் உறுப்பினர்களை அவ்வூர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. அது மாநிலங்களின் பொறுப்பு. மத்தியக் கல்வித் துறை தனித் துறையாக அமைந்ததே 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். அந்தச் சட்டமும், பள்ளிகளின் பாடத்திட்டத்தை இத்துறை கட்டுப்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டே துறையை அமைத்தது. ஆகவே வாஷிங்டனிலிருந்து ஒரு தாள் நேராக வகுப்பறைக்குள் வருகிறது என்றால், அங்குள்ள பெற்றோர் ஒருவர் அதை இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார். அது அவருடைய கட்சிப் பற்றினால் மட்டும் எழும் ஐயமன்று, பழக்கத்தினால் வருவது.

இனி 2009-க்கு வருவோம். ஒபாமா அவ்வாண்டு சனவரியில் பதவியேற்றிருந்தார். மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிய வாதம் ஆகஸ்டு மாதம் முழுவதும் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் தம் தொகுதிகளில் கூட்டிய கூட்டங்கள் கூச்சலில் முடிந்தன. இந்தச் சூட்டின் நடுவில், ஆகஸ்டு 26-ஆம் நாள், கல்விச் செயலாளர் ஆர்ன் டங்கன் நாடெங்கிலும் உள்ள பள்ளி முதல்வர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். செப்டம்பர் 8-ஆம் நாள் நண்பகலில் அதிபர் மாணவர்களிடம் நேரடியாகப் பேசுவார், ஒளிபரப்பைப் பிள்ளைகள் காண ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். கட்டாயம் ஏதுமில்லை. கடிதத்தோடு, ஆசிரியர்களுக்கு உதவியாக வகுப்புச் செயல்பாடுகள் அடங்கிய தாள்களையும் துறை வெளியிட்டது. சிறுவர்க்கு ஒன்று, ஏழாம் வகுப்புக்கு மேற்பட்டவர்க்கு ஒன்று.

சிறுவர்க்கான தாளில்தான் நான் சொன்ன வாக்கியம் இருந்தது. உரையைக் கேட்ட பின், அதிபருக்கு உதவத் தாங்கள் என்ன செய்ய முடியும் என்பது பற்றிப் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அது யோசனை கூறியது. ஆசிரியர் அக்கடிதங்களை வாங்கி வைத்திருந்து, பிறிதொரு நாள் திருப்பிக் கொடுத்து, சொன்னபடி செய்தார்களா என்று பார்க்கலாமாம். அதிபரும் மேயரும் ஆளுநரும் சொல்வதை நாம் கேட்பது ஏன் முக்கியம் என்று பிள்ளைகளிடம் கேட்கும்படியும் அத்தாளில் ஒரு குறிப்பு உண்டு.

மளமளவென்று தீப்பற்றியது. புளோரிடா மாநிலக் குடியரசுக் கட்சியின் தலைவர் ஜிம் கிரீர், வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒபாமாவின் சோஷலிசக் கொள்கையைப் புகட்டுகிறார்கள் என்று அறிக்கை விட்டார். வானொலிப் பேச்சாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பமாட்டோம் என்று பெற்றோர் பலர் சொன்னார்கள். டெக்சாஸ், மினசோட்டா, மிசூரி, விஸ்கான்சின், இல்லினாய், வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் சில பள்ளி மாவட்டங்கள் நேரடி ஒளிபரப்பைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தன. வேறு சில இடங்களில், விரும்பாத பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பினார்கள். முதலில் பதிவு செய்து ஆசிரியர்கள் பார்த்துவிட்டுப் பின்னர்க் காட்டலாம் என்றவர்களும் உண்டு.

இவற்றுள் எவ்வளவு நேர்மை, எவ்வளவு நடிப்பு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். டெக்சாஸில் ஆர்லிங்டன் என்றொரு நகரம். அங்குள்ள பள்ளி மாவட்டம் பாட வேளை கெடும் என்று ஒபாமா உரையின் நேரடி ஒளிபரப்பைத் தவிர்த்தது. அதே மாதம் பிற்பகுதியில் முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ் கலந்துகொள்ளும் காற்பந்து அரங்க விழா ஒன்றுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் செல்ல அது திட்டமிட்டிருந்தது. செய்தி வெளியே வந்ததும் ஏச்சும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒபாமா பேசிய பள்ளி இருந்த ஊரின் பெயரும் ஆர்லிங்டன்தான். அது வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன். செய்தியைப் படிக்கும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணி நான் முதலில் குழம்பினேன்.

இவ்வளவும் படித்த பிறகும், எதிர்த்தவர்களை மிகைப்படுத்துகிறவர்கள் என்றே நினைத்தேன். அந்தத் தாளின் வாக்கியத்தை மறுபடியும் படித்தபோது என் பள்ளி நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது தலைவர் ஒருவர் எங்கள் ஊர் வழியாகப் போனார். எந்தத் தலைவர், எந்தப் பள்ளி என்பவை இங்கு வேண்டா. காலை 9 மணிக்கே எங்களைச் சாலை ஓரத்தில் இரு வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கையில் காகிதக் கொடி. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. தண்ணீர் குடிக்கப் போனால் வரிசை கலையும் என்று ஆசிரியர் விடவில்லை. நண்பகலை ஒட்டிக் கார்கள் வந்தன. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஏதோ ஒரு கண்ணாடிக்கு வெளியே ஒரு கை அசைந்தது. பின்பு தூசி. மறுநாள் தமிழ் வகுப்பில், ‘தலைவரைக் கண்டேன்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். புன்னகை பூத்த முகத்தோடு அவர் எங்களைப் பார்த்துக் கையசைத்ததாகவும், அந்தக் காட்சி என் உள்ளத்தில் நீங்காது நிலைத்துவிட்டதாகவும் எழுதினேன். 10-க்கு 9 மதிப்பெண் கிடைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், “கார் வேகமாகப் போய்விட்டது. தூசிதான் தெரிந்தது. எனக்குத் தாகமாக இருந்தது” என்று மூன்று வரி எழுதினான். அவனை எழுந்து நிற்கச் சொல்லி, வேறு எழுதி வரும்படி திருப்பி அனுப்பினார்கள். அவன் என் நோட்டை வாங்கிப் பார்த்துப் புன்னகை பூத்த முகத்தை அப்படியே எழுதிக்கொண்டான்.

தலைவர் பேசட்டும், போகட்டும். அதனால் பிள்ளைக்குக் கேடு ஒன்றுமில்லை. பேச்சைக் கேட்கும் பிள்ளை மனத்துக்குள் சிரிக்கலாம், கொட்டாவி விடலாம், சன்னல் வழியே காக்கையைப் பார்க்கலாம். அவனுடைய மனம் அவனிடமே இருக்கிறது. “அவருக்கு உதவ நீ என்ன செய்வாய், எழுது” என்று தாளைக் கொடுத்து, எழுதியதை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ளும்போது நிலைமை மாறிவிடுகிறது. உதவ விருப்பமில்லை என்று எந்தப் பிள்ளை எழுதும்? எழுதினால் அது எங்கே போய் நிற்கும்? ஒபாமாவை எதிர்த்த பெற்றோருள் பலர் சோஷலிசம் என்று கத்தியது வீண் கூச்சல். ஆனால் அந்தக் கூச்சலுக்குள் ஒரு நியாயமான கேள்வி இருந்தது என்று இன்று நான் கருதுகிறேன். கேள்வியைக் கேட்டவர்களுக்கே அது சரிவரப் புலப்படவில்லை என்பது வேறு.

வெள்ளை மாளிகைக்கும் கல்வித் துறைக்கும் அது புலப்பட்டது. சில நாட்களிலேயே வாக்கியத்தை மாற்றினார்கள். கல்வியில் தங்கள் உடனடி இலக்குகளையும் நெடுங்கால இலக்குகளையும் எவ்வாறு அடையலாம் என்பது பற்றிப் பிள்ளைகள் தங்களுக்கே கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அதிபர் மறைந்துவிட்டார், பிள்ளை வந்துவிட்டான். முதலிலேயே இப்படி எழுதியிருந்தால் பாதிப் பூசல் எழுந்திராது. உரையின் முழு வடிவத்தையும் முந்திய நாளே, அதாவது செப்டம்பர் 7-ஆம் நாளே, இணையத்தில் வெளியிட்டார்கள். யாரும் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். படித்துப் பார்த்த ஜிம் கிரீர், இது நல்ல உரைதான், என் பிள்ளைகளும் கேட்கட்டும் என்றார். அதிபர் மாணவர்களிடம் பேசுவதில் தவறில்லை என்று முன்னாள் அதிபரின் மனைவி லாரா புஷ் அம்மையாரும் சொன்னார்.

அப்படி என்னதான் பேசினார்? வேக்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் பேசிய அந்த உரையில் மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் வகுப்பறைகளைச் சீர்செய்யவும் புத்தகங்களும் கணினிகளும் கிடைக்கவும் நான் முயல்கிறேன் என்று ஓரிடத்தில் தம் பங்கைச் சொல்லிக்கொண்டார். அரசியல் என்றால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாணவனின் பொறுப்பைப் பற்றியது. இளமையில் இந்தோனேசியாவில் இருந்தபோது, அமெரிக்கப் பாடங்களைத் தம் தாயார் விடியற்காலை 4.30 மணிக்கு எழுப்பிச் சொல்லிக்கொடுத்ததையும், தாம் முணுமுணுத்தபோது தாயார் கொடுத்த பதிலையும் சொன்னார். ஹாரி பாட்டரின் முதல் நூலைப் பதிப்பகங்கள் 12 முறை திருப்பி அனுப்பியதைச் சொன்னார். பள்ளி அணியிலிருந்து நீக்கப்பட்ட மைக்கேல் ஜோர்டனைப் பற்றிச் சொன்னார். அவ்வாண்டு பன்றிக் காய்ச்சல் பரவிய காலம். ஆகவே கையைக் கழுவுங்கள், உடம்பு சரியில்லையென்றால் வீட்டில் இருங்கள் என்றும் சொன்னார். நம் ஊர்த் தலைமையாசிரியர் திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எனக்கு அந்த உரையைவிட, அதற்கு முன்னால் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் மிகவும் பிடித்தது. மேடை ஏறுவதற்கு முன் பள்ளி நூலகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலருடன் அதிபர் அமர்ந்து பேசினார். உயிரோடு இருப்பவரோ மறைந்தவரோ, யாருடனாவது ஒருவேளை உணவு உண்ணலாம் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். காந்தியடிகளை என்றார் ஒபாமா. அவர் அதிகம் சாப்பிடமாட்டார், ஆகையால் அது மிகச் சிறிய விருந்தாகத்தான் இருக்கும் என்றும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார். முகநூலில் எதைப் போடுகிறோம் என்பதில் எச்சரிக்கையாக இருங்கள் என்று அவர் சொன்னதும் அங்கேதான். இத்தகைய கேள்வி எந்தச் செயல்பாட்டுத் தாளிலும் வராது.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால், குடியரசுக் கட்சிக்காரர்கள் பொல்லாதவர்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெருந்தன்மையாளர்கள் என்ற தவறான எண்ணம் உண்டாகும். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே நாடகம் வேடம் மாறி நடந்தது.

1991-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ், வாஷிங்டன் நகரின் ஆலிஸ் டீல் நடுநிலைப் பள்ளியில் ஒரு வகுப்பறையில் நின்று பேசினார். தொலைக்காட்சி அதை நாடெங்கும் நேராகக் காட்டியது. அவரும் படியுங்கள், பள்ளியை விட்டு நிற்காதீர்கள் என்றுதான் சொன்னார். மறு ஆண்டு தேர்தல். பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை. அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ரிச்சர்டு கெப்ஹார்ட், கல்வித் துறை அதிபருக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சாடினார். ஒளிபரப்புத் தயாரிப்புக்கு ஏறக்குறைய 27,000 டாலர் கல்வித் துறையின் பணம் செலவாகியிருந்தது. இது சட்டப்படி சரிதானா என்று மத்தியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, சட்டமீறல் இல்லை என்று முடிவு சொல்லும் வரை வழக்காடினார்கள். 2009-இல் ஒபாமாவுக்காகப் பரிந்து பேசிய கட்சி இதுதான்!

நான் மேலும் வியந்தது வேறொன்றைக் கண்டு. அன்று புஷ் தம் உரையின் முடிவில் பிள்ளைகளிடம் கடிதம் கேட்டார். நாட்டின் கல்வி இலக்குகளை எட்டுவதற்கு நீங்கள் எங்களுக்கு எவ்வாறு உதவலாம் என்று எனக்கு எழுதுங்கள், முகவரிதான் உங்களுக்குத் தெரியுமே என்றார். பதினெட்டு ஆண்டு கழித்துத் தாளில் எழுதப்பட்டுப் பெற்றோரைக் கொதிக்க வைத்த அதே வேண்டுகோள், அன்று அதிபரின் வாயிலிருந்தே வந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் 27,000 டாலரைப் பிடித்துக்கொண்டார்களே தவிர, கடிதத்தைக் கவனிக்கவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: புஷ்ஷுக்கு எழுதுவதும் எழுதாததும் பிள்ளையின் விருப்பம், இடையில் ஆசிரியர் கை நீட்டி நிற்கவில்லை.

இரு முறையும் ஒரே குரலில் பேசிய ஒருவரை நான் தேடிப் பிடித்தேன். குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச். 1991-இல் தம் கட்சி அதிபருக்காக, கல்வியைப் பற்றி அதிபர் பேசுவது எப்படி அரசியலாகும் என்று கேட்டார். 2009-இல் எதிர்க்கட்சி அதிபர் மாணவர்களைப் படிக்கச் சொல்வது நாட்டுக்கு நல்லதே என்றார். பிற விஷயங்களில் அவரை எனக்குப் பிடிக்காது. இதற்காக ஒரு வணக்கம்.

இவ்விருவருக்கும் முன்னர், அதிபர் ரீகன் 1988-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடுநிலைப் பள்ளி மாணவர்களோடு பேசிய பேச்சும் பள்ளிகளுக்கு ஒளிபரப்பாயிற்று. நம் குழந்தைகள் நாள் என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார். அவர் வரிக்குறைப்பின் நன்மையைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசினார். அது தெளிவான கட்சிக் கொள்கை. ஆனால் பதவி முடியும் தறுவாயில் இருந்த முதியவரோடு எவரும் பெரிதாக மல்லுக்கு நிற்கவில்லை. பூசல் எழுவது பேச்சின் பொருளைப் பொறுத்ததன்று, தேர்தலின் தொலைவைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிள்ளையின் வாயைப் பற்றி அமெரிக்க நீதிமன்றம் நெடுநாளைக்கு முன்பே யோசித்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியா மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது தீர்ப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றிய வழக்கு அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1940-இல், அதே நீதிமன்றம் இதற்கு நேர் மாறாகச் சொல்லியிருந்தது. போர்க்காலத்தில், நாட்டுப்பற்று கொழுந்துவிட்டு எரியும்போது, தன் சொல்லையே திருப்பி எழுத ஒரு நீதிமன்றத்துக்குத் துணிவு வேண்டும். அத்தீர்ப்பு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் அந்த அமெரிக்க வழக்கையும் எடுத்தாய்ந்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்பது மரியாதை. பாடு என்று வற்புறுத்துவது வேறு. கேட்பதற்கும் எழுதச் சொல்வதற்கும் இடையே நான் கண்ட கோட்டை அறிஞர்கள் முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல்.

நம் நாட்டிலும் இத்தகைய பூசல் 2014-இல் எழுந்தது. செப்டம்பர் 5-ஆம் நாள் ஆசிரியர் நாள். திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாள். அன்று பிற்பகல் பிரதமர் நரேந்திர மோதி தில்லி மானெக்‌ஷா அரங்கில் மாணவர்களிடையே பேசினார். மூன்று மணிக்குத் தொடங்கும் அந்த ஒளிபரப்பைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்யும்படி பள்ளிகளுக்குச் சுற்றறிக்கைகள் பறந்தன. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத பள்ளி என்ன செய்யும், மின்சாரம் இல்லாத ஊரில் என்ன செய்வது, பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளை நிறுத்தி வைக்கலாமா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. ஏற்பாட்டில் குறை இருந்தால் கடுமையாகக் கருதப்படும் என்று தில்லிக் கல்வித் துறை எழுதியது. கட்டாயமில்லை, விரும்பினால் காட்டலாம் என்று மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி விளக்கினார். குறுகிய காலத்தில் ஏற்பாடு செய்ய இயலாது என்று மேற்கு வங்க அரசு கையை விரித்தது. சுற்றறிக்கையில் ஒரு குரல், விளக்கத்தில் ஒரு குரல். இரண்டையும் ஒருசேரப் படிக்கும் தலைமையாசிரியர் எதை நம்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் பூசல் வேறு வழியில் திரும்பியது. ஆசிரியர் நாளையொட்டி நடத்திய கட்டுரைப் போட்டிக்கு ‘குரு உத்சவ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். ஆசிரியர் நாளின் பெயரையே வடமொழிக்கு மாற்றுகிறார்கள் என்று கலைஞர் கருணாநிதி கண்டித்தார். அப்போது பா.ஜ.க. கூட்டணியிலேயே இருந்த வைகோவும் மருத்துவர் இராமதாசும் எதிர்த்தார்கள். அது போட்டியின் பெயர் மட்டுமே, நாளின் பெயர் மாறவில்லை என்று அமைச்சர் விளக்கமளித்தார். பெயரைப் பற்றி நாம் இவ்வளவு விழிப்பாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்தியில் ஆற்றிய அந்த உரையை, இந்தி அறியாத பிள்ளை உட்கார்ந்து கேட்க வேண்டுமா, எழுந்து போக அவனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை நம்மில் மிகச் சிலரே கேட்டார்கள். அமெரிக்கப் பெற்றோர் கேட்ட கேள்வி அது. நம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது நமக்குப் பழகிப்போய்விட்டது போலும்.

அந்நிகழ்ச்சியில் ஒரு கேள்வி எல்லாரையும் சிரிக்க வைத்தது. தாம் இந்தியாவின் பிரதமராவது எப்படி என்று மணிப்பூரின் இம்பாலிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். 2024 தேர்தலுக்கு ஆயத்தமாகுங்கள் என்றார் பிரதமர். அதுவரை தமக்கு ஆபத்தில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பதில் நகைச்சுவையாகவே இருந்தது. ஆனால் கேள்வி அதைவிடப் பெரியது.

நாட்டின் தலைவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிர்க்கட்சித் தலைவரும் வரட்டும், வாக்களித்தவரும் வாக்களிக்காதவரும் பெற்ற பிள்ளைகளிடம் பேசட்டும். உரையை முன்னதாக வெளியிட வேண்டும், விரும்பாத பிள்ளைக்கு உட்கார வேறோர் இடம் வேண்டும், கேள்விகள் பிள்ளைகளின் கேள்விகளாகவே இருக்க வேண்டும். உரை முடிந்த பிறகு கட்டுரை எழுதச் சொல்லக் கூடாது. எழுதச் சொன்னாலும், தூசியைக் கண்டவன் தூசி என்று எழுத இடம் கொடுக்க வேண்டும். இக்கருத்தோடு எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் உடன்படவில்லை. எழுதாத மாணவன் கேட்டதையும் மறந்துவிடுவான் என்பது அவர் கட்சி. கருத்தரங்கு முடிந்தும் வராந்தாவில் நின்று அரை மணி நேரம் வாதாடினோம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒபாமா அடுத்த ஆண்டும் பேசினார். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பிலடெல்பியாவில் மாஸ்டர்மன் பள்ளியில். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் வாஷிங்டனில் பானேக்கர் உயர்நிலைப் பள்ளியில். முதலாண்டின் ஆரவாரத்தில் சிறு பங்குகூட அப்போது எழவில்லை. சொன்னதென்னவோ ஏறக்குறைய அதேதான்.